கராத்தேவுக்கு நாஹா, பாக்ஸிங்குக்கு ராயபுரம்

கராத்தே எந்த ஊர்க் கலைன்னு கேட்டா, யோசிக்காம "ஜப்பான்"னு சொல்லிடுவோம். பாக்ஸிங் எதுன்னு கேட்டா "இங்கிலீஷ்காரன் விளையாட்டு"ன்னு சொல்வோம். ரெண்டு பதிலுமே பாதிதான் சரி. ரெண்டு கதையிலயும் நடுவுல ஒரு துறைமுகம் இருக்கு.

முதல்ல ஒகினாவா

கராத்தே பிறந்த ஒகினாவா 1879-ல்தான் ஜப்பானோட மாகாணம் ஆச்சு. அதுக்கு முன்னாடி அது ரியூக்யூ என்ற அரசு. அதன் துறைமுகமான நாஹாவுக்கு சீனாவோட நெருங்கின வியாபாரம். சரக்கோட சேர்ந்து சண்டை முறைகளும் வந்து இறங்கின. ஹிகாஓன்னா கன்ரியோ என்பவர் சீனாவின் ஃபூஜோ நகரத்துக்குப் போய்க் கத்துக்கிட்டு வந்து, நாஹாவில் சொல்லிக் கொடுத்தார். கராத்தேங்கிற சொல்லுக்கே முதல்ல 'சீனக் கை'ன்னுதான் அர்த்தம். 1936-ல் நாஹாவில் கூடிய ஆசான்கள், அதே உச்சரிப்பை வெச்சுக்கிட்டு எழுத்தை மட்டும் மாத்தி 'வெறுங்கை' ஆக்கினாங்க.

இப்போ ராயபுரம்

இங்கே வந்தது பிரிட்டிஷ் கப்பல். 1867-ல் இங்கிலாந்தில் வெளியான க்வீன்ஸ்பெரி விதிகள்தான் க்ளவுஸ், 3 நிமிஷ ரவுண்டு, 10 எண்ணிக்கை எல்லாத்தையும் நிலைநிறுத்தின. அந்த பாக்ஸிங் சோல்ஜர்கள், மாலுமிகள், ஆங்கிலோ இந்தியர்கள் வழியா வடசென்னைக்குள்ள நுழைஞ்சது. அதைப் பிடிச்சுக்கிட்டவங்க துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க, மீனவர்கள், தலித் தொழிலாளர்கள்.

ஏன் பிடிச்சுக்கிட்டாங்க? வேலை செய்யற இடத்துல வெள்ளைக்காரன் முன்னாடி நிமிர்ந்து நிக்க முடியாது. ரிங்குக்குள்ள அவனுக்கும் உங்களுக்கும் ஒரே விதி. சார்பட்டா பரம்பரையின் கித்தேரி முத்து, டெர்ரி என்ற வெள்ளைக்கார வீரரை வீழ்த்தின கதையை இன்னிக்கும் இங்கே பெருமையா சொல்றது அதனாலதான்.

ஜப்பான்ல 'ரியூ'ன்னு சொல்றதுக்கு இங்கே பரம்பரைன்னு பேரு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார்னு பல பரம்பரைகள். ரத்த உறவு தேவையில்ல, யார் உங்க வாத்தியாரோ அதுதான் உங்க பரம்பரை. 'ரோஷமான குத்துச்சண்டை'ன்னு சொல்லித்தான் கூட்டம் சேர்த்தாங்க. 1980-ல் முகமது அலியே மெட்ராஸ் வந்து, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடினார்.

எங்கே பிரிஞ்சது?

கராத்தே பள்ளிக்கூடத்துக்குள்ள போச்சு. 1900-களின் தொடக்கத்துல இதோசு அன்கோ ஒகினாவா பள்ளிகள்ல அதைப் பாடமாக்கினார், பசங்களுக்காக 'பினான்' என்ற 5 கட்டாக்களை அமைச்சார். 1922-ல் ஃபுனாகோஷி கிச்சின் டோக்கியோவில் செஞ்சு காட்டினார். ஜூடோவிலிருந்து வெள்ளை உடையும் பெல்ட்டும் வந்துச்சு. வாத்தியார் இல்லாட்டியும் சிலபஸ் இருந்தது. டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போச்சு.

வடசென்னையில் பாடம் வாத்தியாரோட தலைக்குள்ளயே இருந்துடுச்சு. போட்டி முடிஞ்சா வெளியே கலாட்டா, போலீஸ் அனுமதி கிடைக்கறது கஷ்டம், ரிங்கை விட்டவங்களுக்கு வேலை இல்ல. சிலரை அடியாளா இழுத்துக்கிட்டாங்க. கடைசியில கலை போய் 'ரவுடி ஏரியா'ங்கற பேரு மட்டும் நின்னுச்சு. இத்தனைக்கும் நடுவுல, 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில வெண்கலம் வாங்கினவர் சென்னை வீரர் தேவராஜன். திறமைக்குப் பஞ்சம் வந்ததே இல்ல.

2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தப்போ நம்மில் பாதிப் பேர் இதை முதல் தடவையா கேள்விப்பட்டோம். ஆனா படம் சிலபஸ் ஆகாது. காசிமேடு, திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கம் உங்களுக்குத் தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தா, "நீங்க எந்தப் பரம்பரை?"ன்னு கேட்டுப் பாருங்க. எப்படி நின்னாங்க, எப்படிக் குத்தினாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு போன்ல ரெகார்ட் பண்ணுங்க. அந்தத் தலைமுறை போயிட்டா, அப்புறம் கேட்க ஆள் இருக்காது.