நேந்திரங்காய் வறுவல்

நேந்திரங்காய் வறுவலுக்குப் பழம் ஆகாது. காய் முற்றியிருக்க வேண்டும். ஆனால் பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. முற்றிய காயில் நீர் போக எஞ்சுவதில் பெரும்பங்கு மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறும். சர்க்கரை ஏறிய துண்டு எண்ணெயில் விழுந்தால், உள்ளே ஈரம் போவதற்குள் வெளியே கருத்துவிடும்.

தோலைக் கத்தியால் கீறி உரித்து, கறை நீங்க மஞ்சள் கலந்த தண்ணீரில் காயைப் போட்டு வைப்பார்கள். உரித்த தோலையும் எறிய வேண்டியதில்லை. பயறு சேர்த்துப் பொரியல் செய்வது கேரள வழக்கம். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஊறிய இந்த வறுவல் தொழில் இன்று ஓசூர்க் கடைத்தெருவின் ‘ஹாட் சிப்ஸ்’ கடைகளிலும் நடக்கிறது.

கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே காயைச் சீவ, வில்லைகள் ஒவ்வொன்றாக விழும். உடனே பெரும் சலசலப்பு. வில்லையிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை அது. நீர் விட்டுப்போன இடங்கள் நுண்ணிய துளைகளாக நிற்க, வெந்த மாவுச்சத்து அவற்றைச் சுற்றி இறுகுகிறது. கடித்தால் மொறுமொறுப்பது இந்த அமைப்புதான். பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த நீரைக் கொதிக்கும் எண்ணெயிலேயே தெளிப்பார்கள். நுரை பொங்கி எழும். தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு வில்லைகளில் படிந்துவிடும். சலசலப்பு அடங்கியதும் கைதேர்ந்தவர் கடிகாரம் பாராமல் ஜல்லிக் கரண்டியை விடுவார். இந்தக் காதுப் பழக்கம்தான் தொழிலின் உயிர்.

நன்றாக ஆறிய பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே ஆவி படிந்து, ஓசூரில் வாங்கிய பொட்டலம் தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி சேர்வதற்குள் நமுத்துவிடும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதால் எளிதில் சிக்கெடுக்காது; மணமும் கெடாது.

இதே எண்ணெயில் வாழைக்காய் வறுக்கும் இன்னொரு நாடு பிலிப்பைன்ஸ். அங்கே ‘சபா’ என்னும் வாழை. நம் பஜ்ஜிக்கு ஏற்ற மொந்தனைப் போல ஏபிபி மரபணுத் தொகுதியைச் சேர்ந்தது. நேந்திரன் ஏஏபி வகை. வறுத்த சபா வில்லைகளைச் சர்க்கரைப் பாகில் தோய்த்து மறுபடியும் வறுப்பது அவர்கள் முறை. இனிப்புப் பூச்சு கண்ணாடிபோல் இறுகிக்கொள்ளும். நம் பக்கத்தில் அதற்கு இணை சர்க்கரை வரட்டி: தடிமனாக நறுக்கி வறுத்த நேந்திரங்காயை, சுக்கும் ஏலமும் சேர்த்த வெல்லப்பாகில் புரட்டி எடுப்பது. ஓணத்துக்கு அது இல்லாத இலை இல்லை.