குழாயை அறுக்குமுன் தவணை கொடுங்கள்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே காவிரி, காவிரியாகவே திருச்சிக்குள் வருகிறது. கொள்ளிடத்தின் தலையில் 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையை எழுப்பினார். அங்கிருந்து கரூர் சாலையில் கிழக்கே வந்தால் கம்பரசம்பேட்டை. ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து மாநகரத்தின் குடிநீரில் ஒரு பகுதி ஏறுவது இங்கிருந்துதான். குடகிலிருந்து இத்தனை தூரம் வந்த தண்ணீர், கடைசிப் பத்தடியில், ஒரு வீட்டு வாசலில் நிறுத்தப்படுவதுண்டு. காரணம், சொத்து வரி நிலுவை.

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் செய்திப் பக்கத்தைப் புரட்டினாலும் இதைப் பார்க்கலாம். குடிநீர் இணைப்பு துண்டிப்பு, கடைக்கு சீல், வாசலில் குப்பைத் தொட்டி, ஒலிபெருக்கியில் அறிவிப்பு, பாக்கிதாரர் பெயர்ப் பட்டியல். நிதியாண்டு முடிவதற்குள் வசூல் இலக்கை எட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து இறங்கி, பில் கலெக்டர் வழியாக நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. வரி வராவிட்டால் தெருவிளக்கு எரியாது, குப்பை அள்ள ஆள் இருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வசூலிக்கும் விதத்தில்தான் எனக்கு வழக்கு.

கட்டாதவர்களில் இரண்டு வகை உண்டு. வணிக வளாகம் வைத்துக்கொண்டு, வரிவிதிப்பை எதிர்த்து நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர் ஒருவர். அவர் வாசலில் யாரும் குப்பைத் தொட்டியை வைத்துவிட முடியாது. மற்றவர், ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலோ உறையூரிலோ தாத்தா கட்டிய வீட்டில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் அம்மா. வரிவிதிப்பு எண் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பாகம் பிரியவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் “அண்ணன் கட்டியிருப்பான்” என்று இருந்துவிடுவார்கள். இதற்கிடையில் 2022 ஏப்ரலில் வரிச் சீராய்வு வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என வரி கூடியது. பழைய வீடுகள் பரப்பளவில் பெரியவை, வருமானம் பெரியதல்ல. சுமை அங்கேதான் அழுத்தியது.

அந்த அம்மாவின் கையில் வரும் நோட்டீஸைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மேலே வரிவிதிப்பு எண், வார்டு. கீழே வரிசையாக அரையாண்டுகள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. கடைசி வரியில் கூட்டுத்தொகை. அதன் கீழே ‘ஜப்தி’ என்ற சொல். பார்ப்பவர் கண் கூட்டுத்தொகையிலும் அந்தச் சொல்லிலுமே நின்றுவிடுகிறது. நான் சொல்வேன், முதலில் மேல் வரிசைகளைப் படியுங்கள். கட்டிய அரையாண்டு கட்டாததாக ஏறியிருக்கிறதா, பரப்பளவு சரியா, குடியிருப்பா வணிகமா என்று பாருங்கள். பழைய ரசீது ஒன்று அகப்பட்டாலும் கூட்டுத்தொகை இறங்கும். அளவில் தவறென்றால் ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுக்கலாம். ரசீதும் அரையாண்டு வாரியாகத்தான் போடுகிறார்கள், பழையது முதலில். ஆகவே மொத்தத்தையும் ஒரே நாளில் புரட்ட வேண்டியதில்லை. இரண்டு அரையாண்டுக்குப் பணம் இருந்தால் அதைக் கட்டிவிட்டு ரசீதோடு பேசலாம்.

பயத்தில் பலர் செய்யும் காரியம் வேறு. தெருமுனையில் வட்டிக்கு வாங்கி மாநகராட்சிக்குக் கட்டுகிறார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 2023ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி காலம் கடந்த சொத்து வரிக்கு மாதம் ஒரு சதவீதம் தனிவட்டி. 12,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் 120 ரூபாய். அதே தொகையை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 360; பத்து வட்டிக்காரரிடம் போனால் 1,200. மாநகராட்சியிடம் கடன்பட்டவர் கந்துவட்டிக்காரரிடம் கடன்பட்டவராக மாறுகிறார், அவ்வளவுதான். 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த மாநிலம் இது. அந்தச் சட்டத்தை நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

வரிபாக்கிக்கு இந்த மண்ணில் ஒரு கொடிய பழங்கதை உண்டு. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என மூவர் கொண்ட குழு அமர்ந்தது. 1855இல் வந்த அதன் அறிக்கை, நடக்கிறது என்றே சொன்னது. விரல்களை மரக்கட்டைக்குள் வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தைக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. செய்தவர்கள் வெள்ளைக்காரத் துரைகள் அல்லர். பெரும்பாலும் அவர்கள் கீழ் வேலை பார்த்த நம்மூர்ச் சேவகர்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1864இல், வருவாய் வசூல் சட்டம் வந்தது. எழுத்தில் கேட்க வேண்டும், ஜப்தி என்றால் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில்தான் என்று அது வரையறுத்தது. இன்றும் பல அரசு பாக்கிகள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வசூலாகின்றன. நீதிமன்ற ஜப்திக்கு 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது: உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம், தாலி, தொழிலாளியின் கருவி, உழவரின் ஏர், மாடு, விதைநெல் ஆகியவற்றைத் தொடக் கூடாது. வாங்க வருபவருக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி வழக்கமாகவே பத்து மாதத் தவணை. ஏப்ரலில் தொடங்கி ஜனவரியில் முடியும். தவறினால் மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணை, பிறகு பெய்லிஃப் எனும் ஜப்தி அதிகாரி. 2014இல் வந்த விதிகள், அவர் கையில் கோப்பு போனதுமே 75 பவுண்டு, வீட்டுக்கு வந்தால் இன்னும் 235 பவுண்டு என்று பாக்கிதாரர் தலையில் ஏற்றின. ஏழையின் கடனை வசூல்செலவே ஊத வைக்கும் இந்த ஏற்பாடு நமக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் அங்கே எடுத்துக்கொள்ளத்தக்கவையும் உண்டு. கவுன்சில் வரிக்காக வரும் பெய்லிஃப் கதவை உடைத்துக்கொண்டு முதல்முறை உள்ளே நுழைய முடியாது. 2021 மே முதல், கடனாளி ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாள் மூச்சுவிட அவகாசம். அதுவரை வட்டியும் வசூலும் நிற்கும்.

நம் ஊரில் முன்கூட்டிக் கட்டுபவருக்குச் சலுகை இருக்கிறது. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். நல்ல ஏற்பாடு. ஆனால் அது கையில் பணம் உள்ளவருக்கு. இல்லாதவருக்கு நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை. தவணை கிடைப்பது அதிகாரியின் மனசையும் வார்டு உறுப்பினரின் பரிந்துரையையும் பொறுத்ததாக இருக்கக் கூடாது. சொந்தமாக ஒரே வீடு வைத்து அதில் குடியிருக்கும் உரிமையாளருக்கு மாதத் தவணை உண்டு, தவணை தவறாதவரை குடிநீரையும் பாதாளச் சாக்கடை இணைப்பையும் தொடமாட்டோம் என்று நோட்டீஸிலேயே அச்சடிக்க வேண்டும். தண்ணீரை நிறுத்துவது வரி வசூல் அல்ல. அந்த வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் கிழவிக்கும் தண்டனை. நகரத்தோடு புதிதாகச் சேரும் ஊர்களுக்கும் இந்த உறுதி தேவை. 2025 ஜனவரியில் சுற்றுப்புற ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது கிராமத்து மக்கள் மனுவோடு கலெக்டர் அலுவலகத்தில் நின்றார்கள். நூறு நாள் வேலை போய்விடும் என்பது ஒரு கவலை. வரி ஏறும் என்பது இன்னொன்று. அந்த வரிக் கவலையைப் போக்காமல் எல்லையை மட்டும் விரித்தால் நிலுவைப் பட்டியலும் விரியும்.

கையில் நோட்டீஸ் வைத்திருப்பவர்களே, ஒளியாதீர்கள். சொத்து வரி வீட்டின் மீதே நிற்கும் கடன். விற்றாலும் வீட்டோடு போகும். மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். பழைய ரசீதுகள், நோட்டீஸ் நகல், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதிய மனு ஆகியவற்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றத்துக்கும் அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். கட்டும் பணம் எதுவானாலும் ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.