குடுவையில் விளையும் மருந்து

மரப்பட்டையில் மருந்து எடுப்பது நமக்குப் புதிதன்று. வேப்பம்பட்டைக் கஷாயத்தைக் கண்டு முகம் சுளிக்காத சிறுமி யார்? ஆனால், ஒரு மருந்துக்காக மரமே மடிய வேண்டியிருந்தால்?

அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் பசிபிக் யூ என்னும் மரம் மிக மெதுவாக வளர்கிறது. அதன் பட்டையை 1962-இல் சேகரித்து ஆராயத் தொடங்கினார்கள். 1971-இல் வால், வானி என்ற இரு விஞ்ஞானிகள் அதிலிருந்த டாக்ஸால் என்னும் பொருளின் அமைப்பை வெளியிட்டார்கள். (வானி நம் நாட்டில் பிறந்தவர்.) செல்கள் பிரிந்து பெருகுவதை அது எவ்வாறு தடுக்கிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண்மணி விளக்கினார். 1992-இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மகிழ்ச்சிதான், கணக்கைப் பார்த்தால் கவலை பிறக்கும். பத்துக் கிலோ காய்ந்த பட்டையில் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிராம். ஒரு நோயாளிக்கோ சுமார் இரண்டு கிராம் தேவை. பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். நோயாளியைக் காப்பதா, காட்டைக் காப்பதா?

இங்கேதான் திசு வளர்ப்பு கை கொடுத்தது. யூ மரத்தின் சிறு துண்டொன்றைக் கிருமி நீக்கி, சர்க்கரை, உப்புகள், வைட்டமின்கள், வளர்ச்சி ஹார்மோன் சேர்ந்த உணவின்மேல் வைத்தால், வேரோ இலையோ இல்லாத செல் திரளை உருவாகும். அதைத் திரவ உணவிலிட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் செல்கள் பெருகும். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி பட்டால் என்ன ஆகுமென்று நம் தாய்மாருக்குத் தெரியும். இங்கும் ஒரு பூஞ்சண வித்து புகுந்தால் எல்லாம் பாழ்.

செல்கள் செழித்தன, மருந்து மட்டும் மிகக் குறைவாகவே சுரந்தது. டாக்ஸால் போன்ற பொருள்களைச் செடிகள் பெரும்பாலும் தற்காப்புக்காகவே உண்டாக்குகின்றன என்பது விஞ்ஞானிகளின் கருத்து. குடுவைக்குள் புழுவுமில்லை, பூஞ்சணமுமில்லை, வேளாவேளைக்கு உணவு. பிறகு ஆயுதம் எதற்கு?

ஆகவே செல்களுக்கு ஒரு பொய்யான அபாயச் செய்தி அனுப்பினார்கள். காயம்பட்ட செடி தன் உறுப்புகளை உஷார்ப்படுத்தச் சுரக்கும் பொருள்களுள் ஒன்று மெதில் ஜாஸ்மோனேட். அது முதலில் மல்லிகை எண்ணெயிலிருந்து பிரிக்கப்பட்டது. நாம் தலையில் சூடும் பூவின் வாசனையில் அதற்கும் பங்குண்டு! 1996-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் யூ செல்களுக்கு இதைச் சிறிதளவு கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் ஒரு லிட்டரில் சுமார் 110 மில்லிகிராம் டாக்ஸால் சேர்ந்தது. ஆனால் அபாயச் செய்தி கேட்ட செல்கள் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். எனவே முதலில் நன்றாக வளரவிட்டு, பிறகே கொடுப்பது நல்லது. டாக்ஸால் உருவாகத் தேவைப்படும் ஃபினைல்அலனின் போன்ற மூலப்பொருளைச் சேர்த்தும் விளைச்சலைக் கூட்டுகிறார்கள்.

ஜெர்மனியில் 75,000 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டிகள்வரை அமைத்து யூ செல்களை வளர்த்தார்கள். இம்முறையில் டாக்ஸால் தயாரித்ததற்காக ஓர் அமெரிக்க நிறுவனம் 2004-இல் பசுமை வேதியியல் விருது பெற்றது. பட்டை உரிக்கும் தேவை ஒழிந்தது.

எல்லாச் செடியும் இப்படி இணங்கிவிடுவதில்லை. வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியில் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் காக்கும் வின்கிரிஸ்டின் இருக்கிறது. அதன் ஒரு பகுதியான விண்டோலினை உருவாக்க, இலையிலுள்ள பலவகைச் செல்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், வெளிச்சமும் வேண்டும். குடுவையில் தனித்து மிதக்கும் செல்லுக்கு அது கைகூடவில்லை. ஆகவே தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் இன்றும் அச்செடியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் உலர்த்தி மருந்துக்கு அனுப்புகிறார்கள்.