வடித்த காதும் அறுந்த காதும்: காதுச்சோணைச் சீரமைப்பு குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

காதின் கீழ்முனையில் தொங்கும் மென்சதை காதுச்சோணை எனப்படும். காதின் ஏனைய பகுதிகளைத் தாங்கும் குருத்தெலும்பு இதில் இல்லை; தோலும் கொழுப்பும் நார்த்திசுவுமே உள்ளன. எனவே இதனை எளிதில் துளையிடலாம். பாரம் தொங்கினால் நீளும். திடீரென இழுபட்டால் அறுபடும். நீண்ட காதும் அறுந்த காதும் இன்று ‘காது சீரமைப்பு’ என்னும் ஒரே பெயரில் அடக்கப்படுகின்றன. தமிழ் வழக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தியே கண்டது. அவ்வேறுபாடு அறுவை மருத்துவத்திற்கும் தேவையானது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வழக்குச் சொற்கள்

தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பாம்படம், தண்டட்டி முதலிய அணிகளுக்காகப் பெண்குழந்தைகளின் காதைக் குத்தி, துளையில் பஞ்சு, ஓலைச்சுருள் ஆகியவற்றைச் செருகிப் படிப்படியாகப் பெரிதாக்கினர். பின்னர்க் குணுக்கு எனப்படும் ஈய வளையங்களை மாட்டிச் சோணையைத் தாழச் செய்தனர். இதுவே காது வடித்தல். இது பல ஆண்டுகள் பொறுத்திருந்து செய்த வேலை. ஆகவே வடித்த காது அழகெனப்பட்டது. தோடு இழுபட்டுக் கிழிந்ததோ அறுந்த காது, அது விபத்து. மூளிக்காது என்னும் சொல் இன்னும் நுட்பமானது. சிதைந்த காதையும் அணியற்ற காதையும் அது ஒருங்கே குறிக்கும். பாம்படத்தை விற்றுவிட்ட மூதாட்டியின் காது, ஊறு ஏதுமின்றியே மூளியாகிவிடுகிறது!

சுசுருத சங்கிதை கூறுவது

சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் 16ஆம் இயல், காது குத்துதல், துளையைப் பெருக்குதல், பிளந்த சோணையை இணைத்தல் ஆகியவற்றை அடுத்தடுத்து உரைக்கிறது. இணைப்பு வகைகள் 15 என வகுக்கும் அந்நூல், அவற்றுள் 10 செய்யத்தக்கவை என்றும் 5 கைகூடாதவை என்றும் பிரிக்கிறது. இணைத்த பகுதியில் தேனும் நெய்யும் பூசி, பஞ்சாலோ துணியாலோ மூடி, மிக இறுகாமலும் மிகத் தளராமலும் நூலால் கட்ட வேண்டும் என்பது அதன் விதி. சோணையே இல்லாதவர்க்குக் கன்னத்துத் தசையை, அடிப்பகுதி ஒட்டியிருக்க உயிருடன் பெயர்த்துப் பொருத்தும் முறையும் அதில் உண்டு.

கைகூடாத ஐந்தனுள் ஒன்று வல்லீகர்ணம், அதாவது கொடிக்காது. மெலிந்து, சமனின்றி, சிறுத்த சோணையை அது குறிக்கிறது. தமிழ் இலக்கிய மரபோ பெண்ணின் காதை வள்ளைக் கொடிக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறது. (வள்ளை என்பது நீர்நிலைகளில் படரும் ஒரு கொடி, ஒலியொப்புமை கொண்டு இவ்விரு சொற்களுக்கும் வேர் உறவு கற்பித்தல் பொருந்தாது.) புலவர் கொடியில் அழகைக் கண்டார்; மருத்துவர் இணைக்கப் போதிய சதையின்மையைக் கண்டார்.

இன்றைய அறுவை முறை

அறுந்த காதில் பிளவின் இரு விளிம்புகளிலும் புதுத்தோல் படர்ந்துவிடும். அவற்றை அப்படியே சேர்த்துத் தைத்தால் ஒட்டா. எனவே உணர்விழப்பு மருந்தை அவ்விடத்தில் மட்டும் செலுத்தி, விளிம்புத் தோலைச் சீவி நீக்கிய பின்னரே தைக்கின்றனர். நேர்கோட்டுத் தையல் ஆறும்போது சுருங்கிச் சோணையின் அடியில் பள்ளம் விழக்கூடும். அதனைத் தவிர்க்கத் தோலைக் கோணல்மாணலாக வெட்டி மாற்றிப் பொருத்துவதும் உண்டு. சில மாதங்கள் கழித்துத் தழும்பை விட்டு விலகி மீண்டும் காது குத்தலாம்.

வடித்த காதில் சிக்கல் நேர்மாறானது. அங்குச் சதை கிழியவில்லை, நீண்டிருக்கிறது. ஆகவே தொங்கும் வளையத்தை வெட்டி, மிகுதியை அகற்றி, எஞ்சியதைக் கொண்டு புதுச் சோணை அமைக்கின்றனர். அறுந்த காதில் நடப்பது மீட்பு. இங்கு நடப்பது நீக்கம். அதன்பின் பாம்படம் அணிதல் இயலாது. எனவே இசைவுப் படிவத்தில் ‘காது சீரமைப்பு’ என்று பொதுவாக எழுதுவதினும் ‘வடித்த காதைக் குறுக்குதல்’ என்று எழுதுவதே, கையொப்பமிடும் மூதாட்டிக்குச் செய்யப்போவதைத் தெளிவாகச் சொல்லும்.