சாமுராய்க்கு வயது என்ன?

சயான், மாட்டுங்கா பக்கத்துப் பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாக எழும்புகின்றன. வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் ஷோகேஸும் காலியாகிறது. கொலுவுக்கு இறங்கி ஏறும் செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் நடுவே சில வீடுகளில் ஓர் அந்நியர் நிற்பார். இடுப்பில் இரண்டு வாள், தங்கக் கோடு தீட்டிய மேலங்கி, முறைப்பு. ஜப்பானியப் பீங்கான் சாமுராய். 'தாத்தா காலத்தது, நூறு வருஷம் ஆச்சு' என்பது வீட்டாரின் பெருமை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்தனுப்ப நினைக்கும்போது அந்தப் பெருமையே வினையாகிறது.

1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டத்தின்படி நூறாண்டைத் தொட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, அபராதம் வேறு. சந்தேகம் இருந்தால் 'இது தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அத்துறையின் மும்பை வட்ட அலுவலகம் இருப்பதே சயான் கோட்டைக் குன்றின் அடியில்தான். போர்ச்சுகீசியரின் சால்செட் தீவைக் கண்காணிக்க 1669-க்கும் 1677-க்கும் இடையே ஆங்கிலேயர் கட்டிய கோட்டை அது.

நிஜ வயதை அறிய முதல் வேலை, பொம்மையைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. 1891-ல் அமலான அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயரைக் கேட்டது. ஜப்பானியர் 'நிப்பான்' என்று பொறித்தார்கள். 1921-ல் அந்தப் பெயர் செல்லாது என்றாகி 'ஜப்பான்' வந்தது. உலகப் போரில் தோற்றபின், 1947 முதல் 1952 வரை, 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற அவமானத்தையும் அடியில் சுமந்தன பொம்மைகள். எழுத்தே இல்லையென்றால் 1891-க்கு முந்தையது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். பலவற்றில் ஒட்டியிருந்தது வெறும் காகித வில்லை, கழுவினால் போய்விடும். 'நிப்பான்' முத்திரையிலேயே போலிகள் ஏராளம்.

அடுத்தது பூதக்கண்ணாடி. கையால் தீட்டியதில் தூரிகையின் தடுமாற்றம் தெரியும். மெருகின்மேல் தீட்டிய வண்ணம் விரலுக்குத் தட்டுப்படும். அச்சு ஒட்டியதில் வரிசையாகப் புள்ளிகள். மெருகே இல்லாமல் மங்கலாக இருந்தால் அது பீங்கானாக இல்லாமலும் போகலாம். ஃபுகுவோகாவின் ஹகாதா களிமண் பொம்மையாக இருக்கலாம். வெண்ணெய் நிறத்தில் நுண்விரிசல் ஓடும் சத்சுமா வகையும் பீங்கான் ஜாதி இல்லை. தேயிலைச் சாயத்தில் விரிசலைப் பழுப்பாக்கி வயதை ஏற்றும் வித்தையும் பழம்பொருள் வியாபாரத்தில் உண்டு.

விசித்திரம் என்னவென்றால், இந்தப் பொம்மைகள் பெருகியது சாமுராய்கள் ஒழிந்த பிறகு. 1876-ல் அவர்கள் வாள் தரிப்பதை அரசு தடை செய்தது. மானியமும் போயிற்று. 1867 பாரிஸ் கண்காட்சியிலேயே ஜப்பானியக் கைவண்ணத்தில் மயங்கியிருந்த மேலைநாட்டாருக்கோ வீரன் வேண்டும், அதுவும் மேஜைமேல் அடங்குகிற அளவில். சூளைகள் சளைக்கவில்லை.

பம்பாய்க்கு அந்தச் சரக்கு வரும் வழியைத் திறந்தது பருத்தி. 1893-ல் ஜாம்ஷெட்ஜி டாடாவும் நிப்பான் யூசென் கைஷா நிறுவனமும் சேர்ந்து பம்பாய்க்கும் கோபேக்கும் இடையே கப்பல் விட்டார்கள். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு நின்றுபோக, ஜப்பானியத் தீப்பெட்டி, கண்ணாடி வளையல், பீங்கான் எல்லாம் இந்தியக் கடைகளில் குவிந்தன. (அதற்கும் முன்பே டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணியை ஜப்பானுக்கு ஏற்றினார்கள். அங்கே அதற்குப் பெயர் 'சாந்தோமே', நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான்.) ஜாம்ஷெட்ஜியின் மகன்கள் ரத்தன், தோராப் இருவரும் சேர்த்த கீழைநாட்டுக் கலைப்பொருள்கள் இன்று சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீட்டுப் பொம்மையின் தரத்தை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் சயானில் ரயிலேறினால் போதும்.

நூறாண்டுக் கோடு இப்போது 1920-களில் நிற்கிறது. 'நிப்பான்' முத்திரை அசலென்றால் பெட்டியில் வைக்காதிருப்பது நல்லது. 'ஜப்பான்' என்றால் சந்தேகம், கோட்டைக்கு நடக்க வேண்டியதுதான். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' சாமுராய்க்கு மட்டும் 2047 வரை கவலையில்லை.