ஹைக்கூவும் பருவச்சொல்லும்: கொழும்பிலிருந்து ஒரு நோக்கு

தமிழில் ஹைக்கூ பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அடிக்கணக்கோடு நின்றுவிடுகின்றனர். மூன்றடியில் அமைந்த எதுவும் அப்பெயரைப் பெற்றுவிடுகிறது. யப்பானிய மூலத்தில் 5, 7, 5 என எண்ணப்படுவது நாம் கருதும் அசையன்று. நெடில் குறிலின் இரட்டையாகக் கொள்ளப்படும் அவ்வொலியலகு, நம் இலக்கண நூலார் கூறும் மாத்திரைக்கே நெருங்கியது. மொழியியலின் துணையின்றி யாப்பாராய்ச்சி செய்வோர் இதனைத் தவறவிடுவதில் வியப்பில்லை.

வடிவத்தினும் முக்கியமானது வரலாறு. ஹைக்கூ தொடக்கத்தில் தனிமனிதக் கவிதையன்று. பலர் கூடியிருந்து பாடிய தொடர்பாட்டின் தொடக்கப் பகுதியாகிய ஹொக்குவே அதன் மூலம். பாஷோவின் (1644–1694) காலத்தில் நகர வணிகரும் அதிற் பங்குகொண்டனர். அதனைத் தனிவடிவமாக நிறுவியவர் மசஓகா ஷிகி (1867–1902). பாரதி 1916 ஒக்டோபரிற் சுதேசமித்திரனில் யப்பானியக் கவிதையை அறிமுகஞ் செய்தபோது அதன் சொற்சுருக்கத்தையே வியந்தார். பின்னர் ஆங்கிலேயரான பிளைத் 1949 முதல் 1952 வரை வெளியிட்ட நான்கு தொகுதிகள் ஹைக்கூவைச் சென் பௌத்தத்தோடு பிணைத்தன. உலகெங்கும் பரவியது இப்படிமமே. ஆயின் 1940இல் 'கியோதாய் ஹைக்கூ' இதழைச் சார்ந்த கவிஞர்கள் அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதானதை இப்படிமம் விளக்குமா? பஞ்சாங்கத்துள் அடங்காத போரைப் பாடிய அவர்களுட் சிலர், பருவச்சொல்லையே துறந்திருந்தனர்.

கிகோ எனப்படும் இப்பருவச்சொல் வெறும் இயற்கை வருணனையன்று. 'கார்' என்றதும் முல்லைத்திணைத் தலைவியின் காத்திருப்பு நம் மனத்தில் எழுகிறதல்லவா? ஒரு சமூகம் நெடுங்காலம் பகிர்ந்துகொண்ட வாழ்க்கை ஒரு சொல்லில் உறைந்து கிடப்பதாலேயே அது இயலுகிறது. வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து இலையுதிர்காலத்தைப் பாடும் கவிஞருக்கு இந்த உறவு இல்லை. இரவல் நிலத்தில் அவர் பயிரிடுகிறார்.

கொழும்புக்கு யப்பானின் நான்கு பருவங்கள் இல்லை. தென்மேல் பருவக்காற்றும் திருநாள்களுமே உண்டு. கோட்டாஞ்சேனையாருக்கு யூன் என்பது, மழையோடு வரும் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். வெள்ளவத்தையாருக்கு ஆடி என்பது, செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வரும் வேல் தேர். 1983க்குப் பின் அச்சொல்லின் பொருள் அவ்வளவிற் சுருங்கவில்லை. அவ்வாண்டு யூலை இறுதியில் எரிந்த வீடுகளும் கடைகளும், அகதிமுகாம்களாக மாறிய பாடசாலைகளும், வடக்கே சென்ற கப்பல்களும் அதனுள் புகுந்துவிட்டன. சென்னை வாசகருக்கு அதே 'ஆடி' அம்மன் கோயிற் கூழையும் துணிக்கடைத் தள்ளுபடியையும் நினைவூட்டும். அகராதியில் இரண்டும் ஒரே சொல், கவிதையில் அல்ல. பஞ்சாங்கச் சொல்லொன்றின்மீது வரலாறு தன்னை எழுதிச் சென்றதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மலையகக் கவிஞர் சு. முரளிதரன் 1988இல் தம் தொகுதிக்குக் 'கூடைக்குள் தேசம்' எனப் பெயரிட்டார். அங்கே பருவம் கொழுந்தின் நிறையால் அளக்கப்படுவது. நிறை குறைந்தாற் கூலியும் குறையும். இத்தகைய சொற்களைத் தொகுக்க இலக்கிய மாணவரோடு நாட்டார் வழக்காற்றியலாரும் சமூக வரலாற்றாசிரியரும் சேரவேண்டும். 1983க்கு முந்திய ஆடிவேலைக் கண்ட முதியோர் இன்னும் வெள்ளவத்தையில் வாழ்கின்றனர். அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.