ஒரு பறவைக்கு ஒரு டாலர்

மே மாதத்தில் ஒரு நாள், நள்ளிரவு 12 மணி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், சதுப்பு நிலத்தின் ஓரமாகக் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நாணலுக்குள் ஒரு கானாங்கோழி குரல் கொடுத்தால் கணக்கில் ஒன்று. தூரத்து மரத்தில் ஆந்தை அலறினால் இரண்டு. அடுத்த நள்ளிரவுக்குள் எத்தனை இனங்களைக் கண்டோம், கேட்டோம் என்பதுதான் போட்டி.

'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் பேர்டிங்' என்ற இந்தப் போட்டியை நியூ ஜெர்சி ஆடுபான் அமைப்பு 1984-ல் தொடங்கியது. பறவைக் கையேடுகளால் புகழ்பெற்ற ரோஜர் டோரி பீட்டர்சன் தம் 75-வது வயதில் அதில் களமிறங்கினார். அவர் இருந்த குழு 201 இனங்களைக் கண்டு வென்றது.

பணம் வரும் வழி எளிமையானது. "நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு டாலர் தருகிறேன்" என்று நண்பரோ நிறுவனமோ முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுவார்கள். 200 இனம் என்றால் 200 டாலர். கனடாவின் லாங் பாயிண்ட் பறவை ஆய்வகம் 1976-லேயே இப்படி நிதி திரட்டியது. ஹாங்காங்கில் மாய் போ சதுப்பு நிலத்துக்காகவும் இதேபோல் பறவைப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். உண்டியலில் பணம் போட்டவர் அத்தோடு மறந்துவிடுவார். இங்கே பணம் தருபவர் "எத்தனை ஆச்சு?" என்று விசாரிப்பார். அந்த அக்கறைதான் இந்த முறையின் பெரிய பலம் என்பேன்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. ஓர் இனத்தில் ஒரே ஒரு பறவையைப் பார்த்தாலும் ஒன்றுதான், ஒரு லட்சத்தைப் பார்த்தாலும் ஒன்றுதான்.

'ரெட் நாட்' என்ற உள்ளான் வகைப் பறவையை எடுத்துக்கொள்வோம். தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து ஆர்க்டிக்குக்கு வலசை போகும் வழியில், மே மாதம் நியூ ஜெர்சியை ஒட்டிய டெலவேர் விரிகுடாவில் இறங்கும். அமாவாசை, பௌர்ணமி கடல் ஏற்றத்தின்போது குதிரைலாட நண்டுகள் கரையேறி மணலில் முட்டையிடும். அந்தப் பச்சை நிற முட்டைகளைத் தின்று, இரண்டே வாரத்தில் இந்தப் பறவை தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். 1980-களில் அந்தக் கரையில் சுமார் 90 ஆயிரம் ரெட் நாட்கள் கூடின. பிறகு விலாங்கும் சங்கும் பிடிக்கும் பொறிகளில் இரையாக வைக்க நண்டுகளை லாரி லாரியாக அள்ளினார்கள். முட்டை குறைந்தது, பறவையும் குறைந்தது. போட்டிப் பட்டியலில் மட்டும் ரெட் நாட் எப்போதும்போல ஒன்றுதான்.

அதனால்தான், திரட்டிய பணம் எங்கே போகிறது என்பது பட்டியலைவிட முக்கியம். கரையைக் காக்கவும், ஆண்டுதோறும் கூட்டத்தைத் தலைதலையாக எண்ணவும், சட்டத்துக்காக வாதாடவும் ஆளும் பணமும் வேண்டும். நியூ ஜெர்சி 2008-ல் இந்த நண்டு பிடிப்பதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. 2014-ல் அமெரிக்க அரசு ரெட் நாட்டை 'அச்சுறுத்தலுக்கு உள்ளான' இனமாகப் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் 2021-ல் விரிகுடாவில் எண்ணியபோது ஏழாயிரம்கூட இல்லை. குதிரைலாட நண்டு முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகும். அது பெருகினால்தான் பறவைக்குத் தீனி.